கல்லுக்குள் ஓர் ஒற்றன்!

பல்லாவரம் பாறையிலும் கல்பாக்கம் கண்ணாடியிலும் துப்புக் கொடுக்கும் அதிசய அணு

காலை 8 மணி. தாம்பரம் ரெயில் நிலையத்தில் கடற்கரை போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. நடை மேம்பாலத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. பெட்டிக்குப் பின் பெட்டி. ஜன்னலுக்குப் பின் ஜன்னல். ஒரே அளவு, ஒரே இடைவெளி.

உள்ளே நிற்பவர் பாடு என்ன? இடப்பக்கம் எத்தனை பேர் இடிக்கிறார்கள்? வலப்பக்கம் எத்தனை பேர் நெருக்குகிறார்கள்? மூச்சு விட இடம் உண்டா? பாலத்தின் மேல் நிற்பவருக்கு இது தெரியாது. உள்ளே சிக்கிக்கொண்ட ஆள்தான் சொல்ல வேண்டும்.

கல்லின் கதையும் இதுதான். கல்லுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்து அந்த வரிசையை அறிந்துகொள்ளலாம். ஆனால், ஓர் அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் எப்படி நெருக்கி நிற்கின்றன என்பதை அறிய, உள்ளேயே ஓர் ஆள் வேண்டும். விஞ்ஞானிகள் அப்படி ஓர் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அவன் பெயர் யூரோப்பியம். உள்ளே இருந்துகொண்டு, ஒளி வீசிச் செய்தி அனுப்பும் ஒற்றன் அவன்.

கல்லறைக் கல் சொன்ன கதை

தாம்பரத்தில் புறப்பட்ட ரெயில் குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டியதும் திரிசூலம் குன்றுகள் தெரியும். கருநீலம் பாய்ந்த, கெட்டியான பாறை. தென்சென்னைப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்கு அஸ்திவாரமாகப் போனது இந்தக் கல்தான்.

இந்தப் பாறைக்கு உலகமெங்கும் ஒரே பெயர்: "சார்னோகைட்". ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகர் கல்கத்தாவில் இறந்தார். அவர் கல்லறையின் மீது ஒரு கருங்கல் கிடந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒரே இனம் என்று கண்டார். 1893-ம் ஆண்டு இதுபற்றிக் கட்டுரை எழுதினார். கல்லறையில் படுத்திருந்தவர் பெயரே பல்லாவரம் பாறைக்கும் ஒட்டிக்கொண்டது!

இந்தப் பாறையை உடைத்துப் பார்த்தால் சிறுசிறு மணிகள் மின்னும். ஒவ்வொரு மணியும் ஒரு படிகம். கற்கண்டும் படிகம்தான், கல் உப்பும் படிகம்தான். அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கி நிற்கும் பொருள் எதுவோ, அதுவே படிகம்.

அந்த வரிசையைக் காட்டிக் கொடுப்பது எக்ஸ்ரே. மருத்துவமனையில் எலும்பைப் படம் பிடிக்கும் அதே கதிர். அதைப் படிகத்தில் பாய்ச்சினால் அணு வரிசைகளில் பட்டுச் சிதறும். சிதறிய புள்ளிகளைக் கொண்டு அடுக்கைக் கணக்கிட்டுவிடலாம். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன், 1954-ல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லஜன் என்ற புரதத்தின் முறுக்கை இந்த வழியில்தான் கண்டுபிடித்தார்.

எக்ஸ்ரே பெரிய சாதனம்தான். ஆனால், அது மேம்பாலத்தில் நிற்கும் ஆளைப் போன்றது. கோடானுகோடி அணுக்களின் சராசரியைச் சொல்லும். ஒரு மூலையில் ஓர் அணு இடம் மாறி உட்கார்ந்திருந்தால், அதன் கண்ணில் படாது. கண்ணாடி போன்ற, வரிசையே இல்லாத பொருளிடம் போனால் அதற்குப் பாதி விஷயம் விளங்காது. அங்கேதான் ஒற்றனுக்கு வேலை.

மணவாளக்குறிச்சி மணல்

யூரோப்பியம் "அருமண்" என்ற குடும்பத்தைச் சேர்ந்த உலோகம். அந்தக் குடும்பத்தில் 17 பேர். அருமண் என்று பெயரே தவிர, எல்லாம் அருமையானவை அல்ல. மூத்தவர்களில் ஒருவரான சீரியம், பூமியில் ஏறக்குறையச் செம்பு அளவுக்குக் கிடைக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. கூடப் பிறந்த இரட்டையரைப் போல எல்லாம் ஒரே குணம்!

கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குப் பார்த்தவர்கள் உண்டு. அதில் தொங்கும் வெள்ளை வலையில் 100-க்கு 99 பங்கு தோரிய ஆக்சைடு. மிச்சம் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. பழைய வலைகளில் இதுதான் கணக்கு. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் அவ்வளவு வெளிச்சம் வராது.

இந்த இரண்டும் கிடைப்பது மோனசைட் என்ற மஞ்சள் பழுப்பு மணலில். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது குவிந்து கிடக்கிறது. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங் கயிற்று நாரில் மணல் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த மணலைத்தான் அவர் ஆராய்ந்தார்! நாடு விடுதலை அடைந்த பின், 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-ல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவையே அதிகம். யூரோப்பியம் மிகமிகச் சொற்பம். 1901-ல் டெமார்சே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தனியாகக் கண்டறிந்து, ஐரோப்பாக் கண்டத்தின் பெயரை வைத்தார். சொற்பமாகக் கிடைப்பதில் நஷ்டம் இல்லை. ஒற்றர்கள் கூட்டமாகப் போவது இல்லையே! படிகத்தில் நூற்றில் ஓர் அணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யூரோப்பியத்தை உட்கார வைத்தால் போதும். அதற்குக் குறைந்தாலும் போதும்.

திண்ணையும் உள் அறையும்

யூரோப்பிய அணு படிகத்துக்குள் நுழையும்போது மூன்று எலெக்ட்ரான்களை இழந்துவிடுகிறது. இப்படி இழந்து நிற்கும் அணுவுக்கு "அயனி" என்று பெயர். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் எலெக்ட்ரான் துள்ளி மேலே ஏறும். பிறகு இறங்கும். இறங்கும்போது செந்நிற ஒளி வீசும். பெட்ரோமாக்ஸ் வலையில் வருவது சூட்டினால் வரும் ஒளி. இதுவோ சூடு இல்லாத ஒளி.

வேறு பல அணுக்களும் இப்படி ஒளிவிடும். ஆனால், அவை நல்ல ஒற்றர்கள் அல்ல. காரணம் இதுதான்: தெருவில் ஒரு சண்டை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பதறிப்போவார். அவரிடம் கேட்டால் உளறுவார். உள் அறையில் இருப்பவருக்குச் சத்தம் மெல்லத்தான் கேட்கும். அவர் நிதானமாகச் சொல்லுவார்.

பெரும்பாலான அணுக்களில் ஒளிவிடும் எலெக்ட்ரான் திண்ணையில் இருக்கிறது. அக்கம்பக்கத்து அணுக்கள் அதைப் பிடித்து ஆட்டிவிடும். அதனால் ஒளி நிறம் கலைந்து, பட்டையாகப் பரவி வரும். யூரோப்பியத்தில் ஒளிவிடும் எலெக்ட்ரான்கள் உள் அறையில் இருக்கின்றன. வெளியே இன்னொரு எலெக்ட்ரான் கூட்டம் திரை போட்டு நிற்கிறது. அக்கம்பக்கத்தின் நெருக்கம் திரையைத் தாண்டி மெல்லத்தான் உறைக்கும். எனவே ஒளி கூரிய கோடுகளாக வருகிறது. கோடு சிறிது நகர்ந்தாலும், இரண்டாகப் பிளந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பழைய பாட்டு சி.டி. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில், சுருள் வடிவ சி.எப்.எல். பல்பின் ஒளி அதில் சாய்வாக விழும்படி பிடியுங்கள். வானவில் தொடர்ச்சியாக வராது. தனித்தனி நிறங்களாக, பல்பின் உருவமே சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் தெரியும். அந்தச் சிவப்பு யூரோப்பியத்தின் வேலை. பச்சை, டெர்பியம் என்ற இன்னொரு அருமண்ணின் வேலை. இப்போது வெள்ளை எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். பெரும்பாலான பல்புகளில் நிறங்கள் இழைந்து ஓடும். அதில் மஞ்சள் ஒளி தருவது சீரியம். சீரியத்தின் எலெக்ட்ரான் திண்ணைக்கு வந்து ஒளி தரும் வகை! (சூரியனை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. கண் கெடும். உடைந்த சி.எப்.எல். பல்பையும் தொட வேண்டாம். உள்ளே பாதரசம் இருக்கிறது.)

எல்.இ.டி.யின் வெளிச்சத்தில் சிவப்புக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க, யூரோப்பியம் கலந்த புதிய சிவப்பு ஒளிப்பொடிகளைக் கிண்டியை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் துறையிலும் தயாரித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

கோலம் சொல்லும் பாடம்

ஒற்றன் அனுப்பும் செய்தியைப் படிப்பது எப்படி?

மார்கழியில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியில் ஓர் எறும்பு நிற்கிறது. அது கிழக்கே எட்டு அடி வைத்தால் ஒரு புள்ளி. மேற்கே எட்டு அடி வைத்தாலும் ஒரு புள்ளி. எந்தப் பக்கம் திரும்பினாலும், எதிர்ப் பக்கத்தில் அதே காட்சி. இது சமமான இருக்கை. ஒரு பக்கத்துப் புள்ளியைக் குழந்தை காலால் அழித்துவிட்டால் சமம் போயிற்று.

யூரோப்பியம் முக்கியமாக இரண்டு நிறங்களில் பேசும். ஒன்று ஆரஞ்சு. மற்றது சிவப்பு. ஒளியின் அலை நீளத்தை அளக்க, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்க வேண்டும். ஆரஞ்சுக் கோடு சுமார் 592 கூறு. சிவப்புக் கோடு சுமார் 612 கூறு. ஆரஞ்சுக் கோட்டின் பலம் அக்கம்பக்கம் எப்படி இருந்தாலும் அதிகம் மாறாது. சிவப்புக் கோடு அப்படி அல்ல. இருக்கை சமமாக இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். சமம் கெடக் கெட ஓங்கும். எனவே, சிவப்பு ஆரஞ்சைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கெடுத்தால், இருக்கை எவ்வளவு கோணல் என்று தெரிந்துவிடும். தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சரக்கு என்பதுபோல.

சி.எப்.எல். பல்பின் சிவப்புப் பொடியே இதற்கு நல்ல உதாரணம். அது இட்ரியம் ஆக்சைடு என்ற படிகம். அதில் ஓர் அடுக்குக்கு 32 இருக்கைகள். அவற்றில் 8 சமமானவை. 24 சமம் இல்லாதவை. சமம் இல்லாத இருக்கைகளில் உட்கார்ந்த யூரோப்பியம்தான் அந்தக் கண்ணைப் பறிக்கும் சிவப்பைத் தருகிறது. கோலம் எல்லாப் பக்கமும் சமமாக இருந்திருந்தால், கடையில் அந்தப் பல்பு விலை போயிராது!

இன்னும் நுட்பமான துப்பும் உண்டு. ஆரஞ்சுக் கோடு பிளக்காமல் ஒன்றாக நின்றால், கனசதுரம்போல மூன்று திசையும் ஒத்த இருக்கை. இரண்டாகப் பிளந்தால், ஒரு திசை மட்டும் வேறு. மூன்றாகப் பிளந்தால், மூன்று திசையும் வேறு வேறு. இதைத் தவிர 579 கூறு அளவில் மெல்லிய கோடு ஒன்று சில படிகங்களில் தோன்றும். அது ஒருபோதும் பிளக்காது. ஆகவே அங்கே இரண்டு கோடுகள் தெரிந்தால், ஒற்றர்கள் இரண்டு வகை வீடுகளில் குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அணுவிடமே அக்கம்பக்கத்தை விசாரிக்கும் இந்த யோசனையில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். சர் சி. வி. ராமனுடன் சேர்ந்து ஒளிச் சிதறலை ஆராய்ந்தவர். அதன் பிறகு டாக்கா சென்று, படிகங்களைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு ஆராய்ந்தார். படிகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்று அளந்து, உள்ளே இருக்கும் அயனியைச் சுற்றி நெருக்கம் எப்படி என்று சொன்னார். இன்றைய ஆய்வாளர்கள் ஒளியிடம் கேட்பதை அவர் காந்தத்திடம் கேட்டார்.

தண்ணீர் பட்டால்...

ஒற்றனின் செய்தி நிறத்தில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. புற ஊதாக் கதிரை நிறுத்திய பிறகும் யூரோப்பியம் சிறிது நேரம் மின்னும். மணி அடித்து ஓய்ந்த பின்னும் ரீங்காரம் கேட்பதுபோல. பல படிகங்களில் அந்த ரீங்காரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் நீடிக்கும்.

தண்ணீர் கிட்டே வந்தால் கதை மாறும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் துடிதுடித்துக்கொண்டே இருக்கும். அது யூரோப்பியத்தின் சக்தியைத் தட்டிப் பறித்துவிடும். சாதாரண நீரில் கரைந்த யூரோப்பியத்தின் ஒளி, வினாடியைப் பத்தாயிரமாகக் கூறு போட்டால் ஒரு கூறு அளவிலேயே மங்கிவிடுகிறது. கன நீரில் அதே ஒளி சுமார் 40 மடங்கு நேரம் நிற்கிறது! இந்த வித்தியாசத்தை வைத்து, யூரோப்பியத்தை ஒட்டி எத்தனை நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன என்று எண்ணிச் சொல்லும் சூத்திரத்தை 1979-ல் ஹாரக்ஸ் என்ற அமெரிக்கரும் அவர் சகாவும் வெளியிட்டார்கள். கண்ணால் காண முடியாத ஈரத்தைத் தலை எண்ணிக் கணக்குச் சொல்லும் வித்தை இது.

கல்பாக்கம் கண்ணாடி

இத்தனையும் எதற்கு? மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. அங்கே சென்னை அணு மின் நிலையத்தின் முதல் உலை 1984-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. தாம்பரத்திலும் வண்டலூரிலும் செங்கல்பட்டிலும் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அந்தக் கழிவை என்ன செய்கிறார்கள்?" நியாயமான கேள்வி. நேரான பதிலும் வேண்டும்.

எரிந்த எரிபொருளிலிருந்து பயன்படுவதைப் பிரித்து எடுத்த பின், கடுமையான கதிர்வீச்சு உள்ள திரவம் மிஞ்சும். அதை உருகிய கண்ணாடியோடு கலந்து கட்டியாக்குகிறார்கள். ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியின் இனம் இது. கழிவு கண்ணாடியின் மேல் பூசப்படுவது இல்லை. கண்ணாடியின் உடம்பிலேயே கலந்துவிடுகிறது.

அந்தக் கழிவில் அமெரிசியம் என்ற மூலகம் இருக்கிறது. அதில் ஒரு வகை பாதியாகக் குறையவே 432 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் கண்ணாடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்குமா? அமெரிசியத்தை நேராக எடுத்துச் சோதிப்பது அபாயம், செலவும் அதிகம். இங்கே யூரோப்பியம் கைகொடுக்கிறது. இரண்டும் மூன்று எலெக்ட்ரான்களை இழந்து நிற்பவை. பருமனும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே யூரோப்பியத்தை அமெரிசியத்தின் வேஷம் கட்டச் செய்து கண்ணாடிக்குள் அனுப்புகிறார்கள். அமெரிசியம் எந்த மாதிரி இடத்தில் போய் உட்காரும் என்பதை யூரோப்பியத்தின் ஒளி காட்டிக் கொடுக்கிறது.

மும்பையை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இப்படிக் கழிவுக் கண்ணாடியில் யூரோப்பியத்தைச் சேர்த்து, காமாக் கதிர் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். கண்ணாடியில் அணு வரிசை கிடையாது. எக்ஸ்ரே அங்கே முழுக்கதை சொல்லாது. ஒற்றனுக்கோ வரிசை தேவை இல்லை. தன் பக்கத்தில் நிற்பவர்களைச் சொன்னால் போதும்.

ஆனால், ஒன்றை மறைக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டுக் கண்ணாடியைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ சோதிக்கலாம். ஆயிரம் ஆண்டு காத்திருந்து பார்க்க யாரால் முடியும்?

இயற்கை செய்த சோதனை

காத்திருந்து பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. அது கல்.

சிர்க்கான் என்ற சிறு படிகம் பல பாறைகளில் உண்டு. பல்லாவரத்துச் சார்னோகைட்டிலும் உண்டு. சென்னைப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று கணக்கிட உதவியது இதுதான். சிர்க்கானுக்குள் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அது உள்ளிருந்தே கோடிக்கணக்கான ஆண்டுகள் படிகத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். இலங்கையில் ரத்தினக் கற்களோடு கிடைக்கும் சிர்க்கான்களை ஹாலண்ட், காட்பிரைட் என்ற இருவர் ஆராய்ந்து 1955-ல் வெளியிட்டார்கள். (இவர் வேறு ஹாலண்ட்!) சில கற்கள் நல்ல படிகமாக இருந்தன. சிலவற்றில் அணு வரிசை அடியோடு குலைந்து, கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தது. யுரேனியம் அதிகம் உள்ள கல்லில் சேதமும் அதிகம்.

இந்தச் சேதத்தை அளக்கவும் இயற்கையே ஓர் ஒற்றனை உள்ளே வைத்திருக்கிறது. அது டிஸ்ப்ரோசியம் என்ற அருமண். அதன் மஞ்சள் ஒளிக்கோடு நல்ல சிர்க்கானில் ஒல்லியாக இருக்கும். படிகம் குலையக் குலையக் கோடு தடித்துக்கொண்டே போகும். கோட்டின் அகலத்தை அளந்து சேதத்தைச் சொல்லலாம் என்று வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் எழுதினார்கள். கல்லை உடைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். ஒளியைப் பார்த்தால் போதும்.

மோனசைட்டின் சங்கதி வேறு. மணவாளக்குறிச்சி மோனசைட்டில் 100-க்கு சுமார் 8, 9 பங்கு தோரிய ஆக்சைடு. சிர்க்கானில் உள்ள யுரேனியத்தோடு ஒப்பிட்டால் இது மலை. அதுவும் ஓயாமல் உள்ளிருந்து சுடுகிறது. அந்த மணலின் தாய்ப்பாறைகள் சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையானவை. ஆனாலும் மோனசைட் படிகமாகவே இருக்கிறது. கலைந்த அணுக்கள் திரும்பத் திரும்பத் தங்கள் இடத்துக்கே வந்துவிடுகின்றன. புண் பட்ட இடம் தானாக ஆறிவிடுகிறது.

இதைப் பார்த்துத்தான் உலக விஞ்ஞானிகளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அணுக் கழிவைக் கண்ணாடியில் அடைப்பதற்குப் பதில், செயற்கை மோனசைட்டில் அடைத்தால் என்ன? கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் இரும்பு-பாஸ்பேட் கண்ணாடியோடு, இந்த மோனசைட் இனப் பீங்கானையும் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். சோதனைக்கு உண்மையான கழிவு அல்ல; கதிர்வீச்சு இல்லாத போலிக் கழிவு. மோனசைட்டில் அருமண் அயனிக்கு ஓர் இருக்கை. அதைச் சுற்றி ஒன்பது ஆக்சிஜன் அணுக்கள். அமெரிசியத்துக்கு ஒதுக்கப்படும் இடமும் அதுவே. யூரோப்பியம் போய் உட்காருவதும் அதே இடத்தில்தான்.